தேங்காய்த் தொட்டிக் கரி: கரியாக்க முறைகளும் புகையின் வரலாறும்

முன்னுரை

பருப்பு எடுத்தபின் எஞ்சும் தேங்காய் ஓட்டினைக் கொங்கு வட்டாரத்தார் தொட்டி என்றும், தென்மாவட்டத்தாரும் ஈழத்தாரும் சிரட்டை என்றும் வழங்குவர். அடுப்பெரிக்கவும் அகப்பை செய்யவும் பயன்பட்டு, எஞ்சியது கழிவென ஒதுக்கப்பட்ட இவ்வோடு, இருபதாம் நூற்றாண்டில் உலகச் சந்தைப் பொருளாயிற்று. இம்மாற்றத்தைக் கழிவு செல்வமான கதையாகக் கூறுவதே வழக்கம். ஆயின், ஓட்டின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் கரியாகிறது. எஞ்சியது நீராவியாகவும் தாராகவும் வளிமங்களாகவும் வெளியேறுகிறது. வெளியேறிய அப்பகுதிக்கு ஒவ்வொரு காலத்திலும் நேர்ந்தது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குழிமுறை

காற்றைக் கட்டுப்படுத்தி ஓட்டினைச் சூடாக்கினால் அது சாம்பலாகாது கரியாகும். இதற்கான எளிய வழி குழிமுறையாகும். செங்கல் பதித்த குழியின் அடியில் தீ மூட்டி, ஓடுகளைச் சிறிது சிறிதாக இட்டு, குழி நிரம்பியதும் தகட்டாலும் மண்ணாலும் மூடுவர். குழி ஆறியபின் கரி எடுக்கப்படும். முதலீடு குறைவு என்பதால் இம்முறை பரவியது. இஸ்திரிப் பெட்டிக்கும் உலைகளுக்கும் வேண்டிய கரி இவ்வாறே கிடைத்தது. சிறிய அளவில் நடைபெற்றவரை புகை பெருஞ்சிக்கலாகத் தோன்றவில்லை.

போர் உருவாக்கிய தேவை

1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ரே களத்தில் ஜெர்மானியப் படை குளோரின் வளிமத்தைப் பெருமளவில் ஏவியது. அதன்பின் நச்சு வளிமத்தை உறிஞ்சும் கரி இன்றியமையாததாயிற்று. அடர்த்தியும் கடினத்தன்மையும் நுண்துளைகளும் கொண்ட தேங்காய் ஓட்டுக் கரி முகமூடிகளுக்கு மிகவும் ஏற்றதெனக் கண்டறியப்பட்டது. ஓடுகள் போதாமையால், 1918இல் அமெரிக்க மக்களிடம் பீச் பழக் கொட்டைகளையும் வால்நட் ஓடுகளையும் திரட்டித் தருமாறு வேண்டப்பட்டது. எரிபொருளாகப் பயன்பட்டுவந்த கரி இவ்வாறு தொழிற்சாலைகளின் மூலப்பொருளாயிற்று. இலங்கையில் 1973இல் தொடங்கப்பட்ட ஹேகார்ப் நிறுவனம், சிரட்டைக் கரியிலிருந்து செறிவூட்டிய கரி உற்பத்தி செய்தமை இத்தொடர்ச்சியின் ஒரு கட்டமாகும்.

புகையின் விலை

புகையைப் பிடிக்கும் நுட்பம் அறியப்படாததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரத்தை மூடிய கலன்களில் சூடாக்கி, ஆவியைக் குளிர்வித்து, அசிட்டிக் அமிலம், மெத்தனால், தார் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தனர். 1923இல் உற்பத்தியைத் தொடங்கிய பத்ராவதி மைசூர் இரும்பாலையிலும் மரவடிப்பு ஆலை இணைந்திருந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் லாய்னாவில் செயற்கை மெத்தனால் உற்பத்தி தொடங்கியது. மலிவான செயற்கைப் பொருளின் வரவால் மரவடிப்பின் வருவாய் நாளடைவில் குறைந்தது. விலை இழந்த ஆவியைப் பிடிக்க வேண்டிய பொருளியல் காரணமும் தளர்ந்தது. குழிகளில் கரி சுட்ட சிறு உற்பத்தியாளரோ அந்நுட்பத்தைப் பெறவே இல்லை.

வெப்பத்தை மீட்கும் முயற்சி

ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளளவுள்ள எண்ணெய்ப் பீப்பாயில் துளையிட்டுக் காற்றை முறைப்படுத்தும் பீப்பாய் முறை, கரியின் தரத்தைச் சீராக்கியது, புகையை நீக்கவில்லை. 1979இல் லண்டன் வெப்பமண்டல விளைபொருள் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை வேறொரு வழியைக் காட்டியது. ஓட்டிலிருந்து எழும் வளிமங்களை எரித்து, அவ்வெப்பத்தால் கொப்பரையை உலர்த்தலாம் என்பதே அவ்வழி. ஓட்டின் புகை அதே தேங்காயின் பருப்பை உலர்த்தும் இவ்வேற்பாட்டில் புகை மீண்டும் பயன் பெற்றது.

கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த காங்கயம் வட்டாரத்தில் தொட்டிக் கரி உற்பத்தி பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. அதே வட்டாரத்தில் புகை குறித்தும் நிலத்தடி நீர் மாசு குறித்தும் உழவர்கள் முறையிட்டு வருகின்றனர். சூடான கரியை நீர் ஊற்றி அணைக்கும்போது, தார்ப்பொருள் கலந்த நீர் மண்ணில் இறங்க இடமுண்டு. கரியின் விலை உற்பத்தியாளரைச் சேர, வெளியேறிய பகுதியின் சுமை அண்டை நிலத்தைச் சேர்கிறது.

முடிவுரை

கழிவைக் கரியாக்கும் முறைகள் ஒன்றைவிட ஒன்று மேம்பட்டு வந்தன என்று நேர்கோட்டில் கூற இயலாது. ஆவிக்கு விலையிருந்தபோது அது பிடிக்கப்பட்டது. விலை போனபின் விடப்பட்டது. நுட்பம் இருந்தும் பயன்படாமைக்கு அறியாமையன்று, செலவை யார் ஏற்பது என்னும் வினாவே காரணமாக நின்றது. எனவே ஒரு கரியாக்க முறையை மதிப்பிடுகையில், கிடைத்த கரியின் அளவோடு வெளியேறிய பகுதி சென்றடைந்த இடத்தையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.