நூல் உருண்டையும் மீன் முட்டையும்

உற்றுநோக்கிக் கற்றல் எனும் பண்பிற்கு வரலாறு தரும் சிறியதோர் எடுத்துக்காட்டை இன்று காண்போம்.

கி.பி. 200 அளவில் வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனிய மக்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததைக் குறித்துள்ளார். அது நீர்மேல் பறந்த பூச்சியின் போலி. 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று 12 வகைப் போலி ஈக்களை விவரித்தது. நெடுங்காலம் 'ஈ' என்றால் பூச்சியின் உருவமே.

ஆயினும் டிரவுட் மீன் பூச்சியை மட்டும் உண்பதில்லை. சால்மன் மீன்கள் சரளைக் கற்களிடையே முட்டையிடும்போது, புதையாத முட்டைகள் நீரோட்டத்தில் உருண்டு செல்லும். கொழுப்பும் புரதமும் நிறைந்த அவ்வுணவுக்காக டிரவுட்டும், கடலுக்கோ பேரேரிக்கோ சென்று ஆறு திரும்பும் ஸ்டீல்ஹெட்டும் சற்றுக் கீழே காத்திருக்கும்.

வட அமெரிக்கப் பேரேரிகளில் இக்காட்சி மனிதன் உண்டாக்கியது. கலிபோர்னிய ரெயின்போ டிரவுட் 1876இல் மிச்சிகனின் ஓ சேபிள் ஆற்றில் விடப்பட்டது. அளவின்றிப் பெருகிய ஏல்வைஃப் என்னும் சிறுமீனைக் கட்டுப்படுத்த, மிச்சிகன் மீன்வளத்துறையின் ஹோவர்ட் டேனர் 1966இல் கோஹோ சால்மனைக் கொணர்ந்தார். 1967இல் சினூக் சால்மனும் வந்தது. இலையுதிர்காலந்தோறும் அவை ஆறேறின. முட்டைகள் நீரோட்டத்தில் உருண்டு சென்றன. பசிபிக் கரையில் முன்னரே அறியப்பட்டிருந்த முட்டைப்போலி இங்கும் பரவியது. ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நூலை முள்ளில் இறுகக் கட்டி, உருண்டையாகக் கத்தரித்தால் முட்டை ஆயத்தம். அது நீரடியில் ஓட்டத்தின் வேகத்திலேயே செல்ல வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மீன் ஏமாறாது.

"பூச்சி அல்லாதது ஈ ஆகுமா?" என மரபாளர் சிலர் மறுத்தனர். மீன் உண்பதைக் கண்டு நூல் சுற்றிய மாசிடோனியர் செய்ததும் இதுவேயன்றோ?

கவலைக்குரியது வேறு. ஹியூரான் ஏரியில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் ஏல்வைஃப் அருகியது. அதனை நம்பியிருந்த சினூக் சால்மனும் குறைந்தது. பசிபிக் கரையின் பியூஜெட் சவுண்ட் பகுதி ஸ்டீல்ஹெட், 2007இல் அழிவாபத்தை எதிர்நோக்கும் இனமாக அமெரிக்கச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆகவேதான், முட்டை புதைந்த சரளையை மிதிக்கலாகாது என்று பொறுப்புள்ள தூண்டிற்காரர் இளையோருக்கு முதலில் கற்பிக்கின்றனர்.

போலியைச் செய்யக் கைத்திறன் போதும். மெய்யைக் காக்கப் பொறுப்பு வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே கற்பிப்போம்.