சந்திரன் யார் பக்கம்?

சித்திரை நெருங்கினால் நெல்லியடிச் சந்தியில் பஞ்சாங்கம் வாங்குகிறவர் முன்னால் ஒரு கேள்வி நிற்கும்: வாக்கியமா, திருக்கணிதமா? வருடம் பிறக்கும் நேரமே இரண்டிலும் வேறுபடும். இப்படியொரு நேர வித்தியாசத்தை வைத்து, மெய்யான கடவுள் யார் என்றே யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் வாதாடினார்கள்.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினார்கள். முதல் அதிபர் டானியல் பூவர். இயற்கையும் வேதாகமமும் ஒரே கர்த்தர் தந்த இரண்டு நூல்கள், ஒன்றையொன்று மறுக்கமாட்டா என்பது அவர் தலைமுறையின் உறுதியான நம்பிக்கை. அதனால் வானசாஸ்திரமும் சுவிசேஷத்துக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டது. மேருமலையை நடுவில் வைத்த புராண உலகம் உடைந்தால் சைவமும் உடையும் என்று எதிர்பார்த்தார்கள்.

1829 மார்ச் 20, சந்திர கிரகணம். பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் குறித்த தொடக்க நேரத்துக்கும் பூவரின் கணிப்புக்கும் கால் மணி வித்தியாசம். எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதிலும் இருவரும் ஒத்துப்போகவில்லை. அன்று மாலை சந்திரன் பூவரின் கணக்குப்படியே மறைந்தது.

அந்தக் கால் மணியைக் கொண்டு சிவனை மறுக்க முடியுமா? முடியாது என்பதே என் முடிவு. பிழைபட்டது பழைய வாய்பாடுதான், அடிப்படைக் கருத்து அல்ல. பூமி உருண்டை, அதன் நிழலே சந்திர கிரகணம் என்று இந்திய வானநூலான சூரிய சித்தாந்தம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது.

பின்னர் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டனின் உழைப்பு என்னை வியக்கவைக்கிறது. 1848இல் தமிழில் 'சோதி சாத்திரம்' வெளியிட்ட அவரே மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1854இல் அமெரிக்கக் கீழைத்தேய சங்கத்தின் இதழில் அது வந்தது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது; ஆகவே அதற்கொரு கர்த்தா உண்டு என்று மெய்கண்டார் அந்நூலின் முதற் சூத்திரத்திலேயே நிறுவுகிறார். உலகின் அமைப்பைக் காட்டிப் படைத்தவனை நிறுவ 1802இல் வில்லியம் பேலி எழுதிய நூல் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. ஆனால் உலகிலிருந்து இறைவனை ஊகிக்கும் வழியைத் தமிழர் மிஷனரிமாரிடம் கடன்வாங்க வேண்டியிருக்கவில்லை.

1855இல் செமினறி மூடப்பட்டது. அதில் படித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். இளமையில் கிறிஸ்தவ நூலான 'ஆதியாகம கீர்த்தனம்' பாடிய அவரே பின்னாளில் 'சைவ மகத்துவம்' எழுதினார்.