குழாயும் சாலையும்: பல கட்ட மிதிவண்டிப் பந்தயத்தின் வரலாற்றில் சென்னைக்கு உள்ள உறவு

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பழைய வழக்கம். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்மின் ஓரமாக ஒரு சாக்பீஸைப் பிடிப்பார். துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழும். அந்தப் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பியை அரைத் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை அரைத் திருகு இறுக்குவார். மறுபடி சுழற்சி, மறுபடி சாக்பீஸ். அப்படி நின்றிருந்த ஒருநாள், சுவரில் சாய்த்திருந்த கறுப்பு வண்டியின் முன்கழுத்துத் தகட்டில் பாதி அழிந்த பெயரைப் படித்தேன்: ஹெர்குலிஸ்.

தண்ணீர்க்குடமும் அரிசி மூட்டையும் சுமந்து தேய்ந்த வண்டி அது. அதே பெயர் 1955 ஜூலையில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலும் ஒலித்தது. அவ்வாண்டு அப்பந்தயத்துக்கு முதன்முறையாகச் சென்ற பிரிட்டிஷ் அணி, ஹெர்குலிஸ் நிறுவனம் சம்பளம் கொடுத்து வளர்த்த வீரர்களை மையமாகக் கொண்டது. புறப்பட்ட 10 பேரில் 2 பேரே பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். பிரையன் ராபின்சன் 29ஆவது. டோனி ஹோர் 69ஆவது, அதாவது கடைசி. ஒரு பெயர் பிரான்ஸின் மலைகளில் பந்தயமாகவும் சென்னைத் தெருக்களில் பிழைப்பாகவும் ஆனது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை தேட, பல கட்டப் பந்தயம் எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அது பிறந்தது செய்தித்தாள் விற்க. 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை நடத்தியது லெ பெத்தி ஜூர்னால் என்னும் நாளிதழ். அதன் பின்னணியில் இருந்தவர் பியர் ஜிஃபார். பிறகு அவர் நடத்திய லெ வேலோ, விளையாட்டுச் செய்திகளில் கொடிகட்டிப் பறந்தது. ட்ரேஃபூஸ் என்ற ராணுவ அதிகாரிமீதான துரோக வழக்கு பிரான்ஸையே இரண்டாகப் பிளந்தபோது ஜிஃபார் ட்ரேஃபூஸின் பக்கம் நின்றார். அவருக்கு விளம்பரம் தந்துவந்த த தியோன் பிரபு உள்ளிட்ட முதலாளிகள் எதிர்ப்பக்கம். மனம் கசந்து அவர்கள் 1900இல் தொடங்கிய போட்டி நாளிதழ்தான் பின்னர் லோட்டோ ஆனது. ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச். லெ வேலோ பச்சைத்தாளில் வந்தது என்பதால் லோட்டோ மஞ்சள்தாளில் வந்தது. ஆனால் விற்பனை ஏறவில்லை.

1902 நவம்பரில் இதழின் இளம் செய்தியாளர் ஜியோ லெஃபெவ்ர் ஒரு யோசனை சொன்னார்: ஆறு நாள் பந்தயத்தை உள்ளரங்கத் தடத்திலிருந்து சாலைக்குக் கொண்டுவந்து, நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றினால் என்ன? ஆறு நாள் பந்தயம் அப்போது பெரிய மோகம். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வீரர்கள் இரவும் பகலும் சுற்றிச்சுற்றி வந்து மயங்கி விழுவார்கள். ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வேறொன்று நினைவுக்கு வரும். நம் ஊர்களில் சைக்கிள் சுற்றுகிறவர் வருவார். மைதானத்தில் கம்பம் நட்டு, டியூப்லைட் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, மூன்று நாளோ ஏழு நாளோ கால் தரையில் படாமல் சுற்றுவார். குளியல், சாப்பாடு, தலைவாரல் எல்லாம் வண்டியின் மேலேதான். கடைசி நாளில் ஊர்மக்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். உடலின் தாங்குதிறனைக் காட்சியாக்கி வாழும் இந்த வித்தையும் மேடிசன் ஸ்கொயர் கார்டனும் ஒரே வகைக் கூட்டத்தை ஈர்த்தவை என்று நான் கருதுகிறேன். வேறுபாடு ஒன்றுதான். அங்கே அந்த வட்டத்தைச் சாலையாக நீட்டிவிட ஒரு நாளிதழும், அதற்கு விளம்பரம் கொடுக்கும் சைக்கிள் முதலாளிகளும் இருந்தார்கள். நம் சைக்கிள்காரருக்குப் பின்னால் நின்றது ஓர் ஒலிபெருக்கி மட்டுமே.

1903 ஜூலை 1 அன்று பாரிஸுக்கு வெளியே மோன்ழெரோனிலிருந்து முதல் டூர் டி பிரான்ஸுக்கு 60 பேர் புறப்பட்டார்கள். 6 கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். லியோன் வரையிலான முதல் கட்டமே 467 கிலோமீட்டர். இரவெல்லாம் மிதிக்க வேண்டும். முடித்தவர்கள் 21 பேர். வென்றவர் மொரீஸ் காரேன்; இரண்டாமவரைவிட ஏறத்தாழ மூன்று மணி நேரம் முந்தினார். லோட்டோவின் விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஒருநாள் பந்தயம் ஒருநாள் செய்தி. பல கட்டப் பந்தயமோ ஒவ்வொரு காலையும் வாசகரை அடுத்த இதழ் வாங்கவைக்கும் தொடர்கதை. இத்தாலியில் லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட் 1909இல் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தைத் தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான். அங்கே தாள் இளஞ்சிவப்பு. ஆகவே முன்னணி வீரரின் சட்டையும் பின்னாளில் இளஞ்சிவப்பாயிற்று. பிரான்ஸில் மஞ்சள் சட்டை 1919இல் வந்தது.

அதை முதலில் அணிந்தவர் யூஜீன் கிறிஸ்டோஃப். அவருக்கு 1913இல் நேர்ந்ததை நான் படிக்கும்போதெல்லாம் எங்கள் தெருமுனைக் கடை கண்முன் வரும். பிரனீஸ் மலைத்தொடரின் டூர்மலே கணவாயிலிருந்து இறங்குகையில் அவருடைய வண்டியின் முன் ஃபோர்க் முறிந்தது. உடைந்ததை எவர் உதவியும் இல்லாமல் வீரரே சரிசெய்ய வேண்டும் என்பது விதி. வண்டியைத் தோளில் தூக்கிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் நடந்து, சான்த் மரீ த கம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறைக்கு வந்தார். அதிகாரிகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, இரும்பைக் காய்ச்சி அடித்து அவரே ஒட்டவைத்தார். இரண்டு கையும் இரும்பில் இருந்ததால் துருத்தியை ஊதியவன் ஒரு சிறுவன். அந்த உதவிக்கு அவருடைய கணக்கில் தண்ட நேரம் சேர்த்தார்கள். பழுதுபார்த்ததில் போன நேரத்தில் கையில் இருந்த வெற்றி போயிற்று. பந்தயம் என்பது வண்டியின் உறுதிக்குத் தரும் சான்று என்று நிறுவனங்கள் சொல்லிவந்த காலம் அது. முறிந்த ஃபோர்க் நிறுவனத்தின் தோல்வி. அதை ஒட்டவைத்த உழைப்பு மட்டும் வீரருடையது. இந்தத் தண்டனையை எந்த விதிநூலைக் காட்டியும் என்னால் ஏற்க முடிந்ததில்லை.

சைக்கிள் நிறுவனங்களின் பிடி இறுகிவிட்டது என்று 1930இல் தெக்ராஞ்ச் நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். விளம்பர வருமானத்துக்காக வீரர்களுக்கு முன்னே வணிக ஊர்திகளின் அணிவகுப்பும் அதே ஆண்டு தொடங்கியது. நாட்டு அணி முறை நடைமுறையில் இருந்த காலத்தில்தான் ஹெர்குலிஸ் வீரர்கள் பிரிட்டன் பெயரில் 1955இல் சென்றார்கள். 1962இல் நிறுவன அணிகள் திரும்பின.

இனி நம் பக்கம். ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஆகிய பெயர்களைக் கையில் வைத்திருந்தது பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். சுருக்கமாக டிஐ. பெயரே சொல்வதுபோல் அதன் அடிப்படைச் சரக்கு எஃகுக் குழாய். முருகப்பா குழுமம் அதனுடன் கைகோத்து 1949இல் டிஐ சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை நிறுவியது, ஆலை அம்பத்தூரில். 1955இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. பந்தய வண்டிகளுக்குப் பெயர்பெற்ற 531 என்னும் இலகுவான குழாயை 1935 முதல் செய்துவந்த ரேனால்ட்ஸும் அந்த பிரிட்டிஷ் டிஐயின் குடும்பமே. 1960இல் ராலேயும் அதில் சேர்ந்தது. டிஐ ராலே என்ற பெயரைச் சட்டையில் தாங்கிய அணியை நெதர்லாந்தின் பீட்டர் போஸ்ட் நடத்தினார். 1980இல் அந்த அணியின் யோப் சூட்டமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றார். அவர் நெஞ்சில் இருந்த டிஐ என்ற இரண்டு எழுத்தும் அம்பத்தூர் ஆலையின் பெயர்ப்பலகையில் இருந்த இரண்டு எழுத்தும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

எழுத்து ஒன்று, குழாய் வேறு. அங்கே குழாயின் சுவரை மெலியவைத்து எடையைக் குறைத்தார்கள். இங்கே தடித்த குழாய், இரட்டை நிறுத்தி, அகலக் கேரியர். பால்கேன் தொங்க வேண்டும், மனைவியும் பிள்ளையும் உட்கார வேண்டும், கிண்டித் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவரை முப்பது வருடம் கைவிடாமல் ஏற்றிச்செல்ல வேண்டும். இதை நம் பின்தங்கலாகப் படிப்பவர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. ஐரோப்பாவில் காரும் மோட்டார் சைக்கிளும் பெருகி சைக்கிள் பிழைப்புக்கு வேண்டாததாகியும் பந்தயம் அதற்கு ஒரு மறுவாழ்வு தந்தது. இங்கே சைக்கிளுக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. தேவையே அதை விற்றது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது, அந்த மாவட்டத்துச் சாலைகளில் நடந்தது எந்தப் பந்தயத்தையும்விடப் பெரிய நிகழ்ச்சி.

ஆனாலும் இழப்பு ஒன்று உண்டு. பல கட்டப் பந்தயம் கூட்டு உழைப்பின் நுட்பத்தை வளர்த்த விளையாட்டு. முன்னால் ஒருவர் காற்றை உடைத்துக் கொடுத்தால் பின்னால் வருபவரின் உழைப்பு மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். மாலைக் கடற்காற்றை எதிர்த்து அடையாறு நோக்கி மிதித்தவர்களுக்கு, பேருந்தின் பின்னால் ஒதுங்கும்போது கால் லேசாவது தெரியும். அந்த அறிவை அணியாகவும் உத்தியாகவும் தொழிலாகவும் ஆக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

நமக்கு மிக நெருக்கமான வடிவம் 2008 டிசம்பரில் தொடங்கியது. பெங்களூரிலிருந்து புறப்பட்டு எட்டு நாளில் 900 கிலோமீட்டர் அளவில் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்றையும் தொட்ட டூர் ஆஃப் நீலகிரிஸ் அது. தொழில்முறைப் பந்தயம் அல்ல; சில பகுதிகளில் மட்டும் நேரம் கணக்கிடும் பயணம். ஆனால் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டைஊசி வளைவுகள் ஏறி ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு டூர்மலே எங்கோ இருக்கும் மலை அல்ல. முழுமையான தொழில்முறை வடிவம் 2026 ஜனவரியில் மகாராஷ்டிரத்துக்கு வந்தது. உலக சைக்கிள் சங்கத்தின் 2.2 தரத்தில் இந்தியாவின் முதல் பல கட்டப் பந்தயமான புனே கிராண்ட் டூர் அது, 437 கிலோமீட்டர். அம்பத்தூரும் ஆவடியும் இருக்கும் நகரத்துக்கு அது இன்னும் வரவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

ஞாயிறு விடியலில் ஆதம்பாக்கத்திலிருந்தும் சிலர் ஹெல்மெட்டோடு வேளச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறார்கள். கார்பன் ஃப்ரேம், சன்னமான டயர். அவர்களில் ஓர் இளைஞர் சென்ற மாதம் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு எங்கள் தெருமுனைக் கடைக்கு வந்திருந்தார். கடைக்காரர் கம்பிகளை எண்ணிப் பார்த்தார். “இவ்வளவு கம்மியாத்தான் இருக்குமா தம்பி?” என்று கேட்டார். பிறகு ஹெர்குலிஸ் வண்டியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டு, சாக்பீஸை எடுத்தார்.