தகுதியா, இசைவா, நிகரா? இணைய விளையாட்டுப் போரில் நியாயம் என்னும் கருத்தின் வரலாறு

ஒரே கற்பனை உலகில் பலர் ஒரே நேரத்தில் உலவும் இணைய விளையாட்டுகளில், ஓர் ஆட்டக்காரர் மற்றோர் ஆட்டக்காரரைத் தாக்கிக் கொல்வது எப்போது நியாயமாகும் என்னும் வினா அவ்விளையாட்டுகள் தோன்றிய நாளிலிருந்தே உள்ளது. சதுரங்கத்திலும் சடுகுடுவிலும் இவ்வினா எழுவதில்லை. களத்தில் இறங்குபவர் தோல்விக்கும் உடன்பட்டே இறங்குகிறார். இரு பக்கத்திலும் ஆள் எண்ணிக்கை ஒன்றே. நடுவர் ஒருவர் உண்டு. முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கற்பனை உலகில் இம்மூன்றும் இல்லை. இரும்பு வெட்டி விற்க வந்தவர் வழியில் கொல்லப்படுகிறார். அவர் போட்டியில் இருந்தாரா, இல்லையா? இதற்கு ஆட்டக்காரர்களும் வடிவமைப்பாளர்களும் அளித்த விடைகள் காலந்தோறும் மாறின. முதலில் ‘கொல்லப்பட்டவர் அதற்குத் தக்கவரா’ என்று கேட்டனர்; பின்னர் ‘அவர் இசைந்தாரா’ என்றனர்; அதன்பின் ‘அவர் நிகரானவரா’ என்றனர். ஒவ்வொரு மாற்றத்திலும் தீர்ப்பு ஆட்டக்காரர் கையிலிருந்து நிரலின் கைக்குச் சிறிது சிறிதாக நகர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. முதல் வினாவை மிகத் தீவிரமாகச் செயற்படுத்திப் பார்த்துக் கைவிட்ட களம் ‘அல்டிமா ஆன்லைன்’ ஆதலால் அதன் வரலாறு இங்கு விரிவாக நோக்கப்படுகிறது.

அறிமுகமானவர்களின் உலகம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் விளையாட்டு முழுவதும் எழுத்தாலானது. அதில் ஒருவரையொருவர் தாக்க இயலும். சண்டையில் இறந்தால் நெடுநாள் சேர்த்த புள்ளிகளோடு அப்பாத்திரமே அழிந்துபோகும். பிற்கால விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது மிகக் கொடிய விதி. எனினும் ஒரு நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் சில பத்துப் பேரே. கொன்றவர் யாரென்று எல்லாரும் அறிவர். அவர்களுக்கு மேல் ‘மந்திரவாதி’ நிலையை எட்டிய மூத்த ஆட்டக்காரர்கள் இருந்தனர். ஊர் சிறியதாயின் சட்டப் புத்தகம் தேவைப்படுவதில்லை.

இதைவிடப் பெரிய ஊர் ஒன்று 1986இல் உருவாயிற்று. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் ஆகியோர் கொமடோர் 64 கணினிக்காக அமைத்த ‘ஹேபிடாட்’டில் ஆயுதங்களும் இருந்தன, திருட்டும் இருந்தது. கொல்லப்பட்டவரின் பாத்திரம் வெறும் பைகளோடு, தன் தலையைத் தானே கைகளில் ஏந்தியபடி வீட்டில் போய் நிற்கும். வடிவமைப்பாளர்கள் இதை வேடிக்கையாகக் கருதினர். ஆட்டக்காரர் பலர் அவ்வாறு கருதவில்லை. ‘கொலை குற்றமா’ என்று வாக்கெடுப்பு நடத்தியபோது, குற்றமென்றோரும் அதுவே ஆட்டத்தின் சுவையென்றோரும் சரிபாதியாகப் பிரிந்தனர். மெய்வாழ்வில் சமய குருவாக இருந்த ஓர் ஆட்டக்காரர் அவ்வுலகில் ஒரு கோயிலை நிறுவி, ஆயுதம் ஏந்துவதில்லை என்று தம் சீடர்களை உறுதிகூறச் செய்தார். பிறகு காவல் தலைவர் ஒருவரைத் தேர்தல் வழியே தெரிவு செய்தனர். முடிவில் நிறுவனமே தலையிட்டு, நகர எல்லைக்குள் கொலையும் திருட்டும் நிகழவியலாதபடி செய்து, வெளிக்காட்டை அப்படியே விட்டுவிட்டது. இவற்றை அவ்விருவரும் 1990இல் தம் கட்டுரையில் பதிவு செய்துள்ளனர். நோன்பு, தேர்தல், எல்லைக்கோடு ஆகிய மூன்று தீர்வுகளில் நிரலால் எளிதில் நிறைவேற்றக்கூடியது எல்லைக்கோடு ஒன்றே. பின்னாளில் எஞ்சியதும் அதுவே.

பிரிட்டானியாவின் சாலைகள்

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இயங்கிய ஆரிஜின் நிறுவனம் அல்டிமா ஆன்லைனை 1997 செப்டம்பர் 24 அன்று வெளியிட்டது. மாதக் கட்டணம் 9.95 டாலர். சில மாதங்களில் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. ரிச்சர்டு கேரியட்டின் பிரிட்டானியா உலகை இணையத்திற்குக் கொணர்ந்த இவ்விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர். கொல்லரும் தையற்காரரும் அப்பம் சுடுவோரும் வாழும் ஒரு சமுதாயமாக அதை அமைக்க வேண்டும் என்பது நோக்கம். சமுதாயமாயின் குற்றமும் இருக்கும். குற்றத்தைச் சமுதாயமே அடக்கும் என்று எதிர்பார்த்தனர்.

நகரத்திற்குள் ஒருவரைத் தாக்கினால் காவலர் தோன்றித் தாக்கியவரை அக்கணமே கொல்வர். நகருக்கு வெளியே காவல் இல்லை. இறந்தவர் சுமந்திருந்தவை அனைத்தும் பிணத்தோடு கிடக்கும். யாரும் எடுத்துச் செல்லலாம். இறந்தவர் ஆவியாக அலைவார். அவர் பேசுவது உயிருள்ளோர் திரையில் ‘ஊ ஊ’ என்ற ஓலமாக மட்டுமே தெரியும். மைனாக் நகரை அடுத்த சுரங்கங்களில் தாது வெட்டியவர்கள் பொதி நிறைந்த நிலையில் திரும்பும் வழியில் கொலைஞர்கள் காத்திருந்தனர். ‘பிகே’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இவர்கள் எண்ணிக்கையில் சிலரே. ஆனால் ஒருவர் ஒரே மாலையில் பலரைக் கொல்ல இயலுமாதலால் அச்சம் அவ்வெண்ணிக்கையைக் கடந்து பரவியது.

வெளியீட்டிற்கு முன்பே, 1997 ஆகஸ்டில், சோதனை ஆட்டத்தின்போது நிகழ்ந்த ஒன்று பலரும் அறிந்தது. கேரியட் தாமே இயக்கிய அரசன் லார்டு பிரிட்டிஷை, ரெய்ன்ஸ் என்னும் பெயர் பூண்ட ஆட்டக்காரர் ஒருவர் நெருப்பு மந்திரத்தால் கொன்றார். அரசனுக்குரிய அழியாத் தன்மை, வழங்கி முடங்கி மீண்டபின் இயக்கப்படாமல் இருந்தது. ரெய்ன்ஸ் பின்னர் விலக்கப்பட்டார். அரசனைக் கொன்றமைக்காக அன்று, நிரற்பிழைகளை முன்னரே தன்னலத்திற்குப் பயன்படுத்தியமைக்காக என்று நிறுவனம் கூறியது. இவ்விளக்கத்தை ஆட்டக்காரர் பலர் ஏற்கவில்லை. கொலை விதிக்கு உட்பட்டதெனின் அரசனைக் கொல்வதும் உட்பட்டதே என்பது அவர்கள் வாதம். அதை மறுப்பது கடினம்.

சமுதாயம் குற்றத்தை அடக்க வேண்டுமாயின் குற்றவாளி யாரென அது அறிய வேண்டும். இதற்கென முதலில் வைக்கப்பட்டது ஒற்றை அளவுகோலான ‘பெயர் மதிப்பு’. நல்லவரைக் கொன்றால் அது தாழும். அரக்கரைக் கொன்றால் உயரும். கொலைஞர்கள் அரக்கரைக் கொன்று தம் பெயரைக் கழுவிக்கொண்டனர். இழிவுக்கென வைத்த ‘அச்சந்தரும் பிரபு’ என்ற பட்டம் விரும்பித் தேடும் விருதாயிற்று. 1998இல் இம்முறை மாற்றப்பட்டு நிறமுறை வந்தது. குற்றமற்றவர் பெயர் நீலம், சிறு குற்றம் புரிந்தவர் சாம்பல், கொலைஞர் சிவப்பு. கொல்லப்பட்டவரின் திரையில், ‘இவர்மீது கொலைப் புகார் அளிக்கிறீரா’ என்று ஒரு கட்டம் தோன்றும். ஐந்து புகார்கள் சேர்ந்தால் கொன்றவர் சிவப்பாவார். காவலுள்ள நகரங்களில் நுழைய முடியாது. இறந்தால் அரிதிற் பெற்ற திறன்களில் ஒரு பங்கை இழப்பார்.

இம்முறையை எள்ளி நகையாடுவோர் உண்டு. எனினும் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தையே சட்டத்தின் தொடக்கமாகக் கொண்ட விளையாட்டு விதிகள் மிகச் சிலவே. அது தோற்ற விதமும் கற்கத்தக்கது. யார் முதலில் அடித்தார் என்பதை நிரல் அறியும். யார் சீண்டினார் என்பதை அறியாது. ஆகவே பிறரைத் தூண்டி முதலடி அடிக்கச் செய்து, அவர் சாம்பல் நிறமானதும் ‘சட்டப்படி’ கொல்லும் நீலக் கொலைஞர்கள் தோன்றினர். புகார்களின் எண்ணிக்கை, பாத்திரம் உள்ளே இருக்கும் காலத்தைக் கொண்டு எட்டு மணிநேரத்திற்கு ஒன்றாகக் குறைந்தது. சிவப்பானவர் பாத்திரத்தை ஒரு வீட்டினுள் நிறுத்திவிட்டு உறங்கப் போனார். தண்டனையை அனுபவித்தது ஆளில்லாத நாற்காலி.

இத்தோல்விக்கு மனித இயல்பே காரணம் என்று கூறுவது வழக்கம். முகம் மறைந்தால் மனிதன் கொடியவனாவான் என்ற அவ்விளக்கம் மிகப் பொதுவானது. மட் விளையாட்டிலும் முகம் மறைந்தே இருந்தது. காரணத்தை இழப்பின் ஏற்றத்தாழ்வில் தேடுவது பொருத்தம். சுரங்கத் தொழிலாளி தம் முழுநாள் உழைப்பையும் முதுகில் சுமந்தார். கொலைஞர் மலிவான வாளும் சில மந்திர மூலிகைகளுமே கொண்டுவந்தார். அவர் செல்வம் வங்கியில் இருந்தது. ஒரு கணக்கில் ஒரு வழங்கியில் ஐந்து பாத்திரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். இன்று சாலையில் கொன்றவர் நாளை வேறு பெயரில், நீல நிறத்தில், அதே ஊர்ச் சந்தையில் இறந்தவரிடமே இரும்பு வாங்கலாம். பழி வந்து தங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். பிரிட்டானியாவில் அவ்வாள் இல்லை. கோஸ்டர் பின்னர் எழுதிய அல்டிமாவின் கொலை வரலாறு இம்முறைகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறது. அதைப் படிக்கையில், ஒவ்வொரு திருத்தமும் செயலை இன்னும் நுணுக்கமாக அளந்ததே அன்றி, செய்தவரை நிலைநிறுத்தவில்லை என்பது புலப்படும்.

இரண்டு நிலவுகள்

இதற்கிடையே 1999 மார்ச்சில் வெளியான ‘எவர்குவெஸ்ட்’ வேறு வழியைத் தெரிந்தெடுத்தது. அதன் பொது வழங்கிகளில், கலகக் குரு என்னும் பாத்திரத்திடம் சென்று தாமே முன்வந்து மாறியவர்கள் மட்டுமே தம்முள் போரிட இயலும். மாறியபின் திரும்ப வழியில்லை. போரை விரும்புவோர்க்குத் தனி வழங்கிகள் இருந்தன. இவ்விளையாட்டு சந்தாதாரர் எண்ணிக்கையில் அல்டிமாவை முந்தியது. 2000 மே மாதம் ஆரிஜின் நிறுவனம் பிரிட்டானியா முழுவதையும் படியெடுத்து இரண்டாக்கியது. அவ்வுலகின் இரு நிலவுகளின் பெயர்களே அவற்றிற்கு இடப்பட்டன. ஃபெலூக்காவில் பழைய விதி. டிராமலில் இசைவின்றி எவரும் எவரையும் தாக்க இயலாது. பெரும்பாலோர் டிராமலுக்குச் சென்றனர். ஆளின்றிப் போன ஃபெலூக்காவிற்கு மக்களை ஈர்க்க, அங்கே வெட்டும் தாது இரட்டிப்பாகக் கிடைக்குமாறு செய்தனர்.

போருக்குரியர் அல்லாதாரை விலகச்சொல்லிய பின்னரே அம்பு தொடுக்கும் நெறியைப் புறநானூற்றின் 9ஆம் பாடல் வழியாக அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு இசைவின் முதன்மை புதிதன்று. வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே விலகச்சொல்பவன் போர் செய்யும் மன்னன். அது அவன் அறத்தின் அளவு. டிராமலில் அப்பொறுப்பை நிலப்படம் ஏற்றுக்கொள்கிறது. வீரனிடம் அறம் எதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை. பழைய ஆட்டக்காரர்கள் ‘டிராமல்’ என்ற சொல்லை வசையாகவே வழங்கியதன் காரணத்தை இங்கே காணலாம். கொலைஞர்கள் மட்டும் அவ்வாறு வருந்தவில்லை. சாலைக் காவலுக்கெனக் குழு அமைத்துக் கொலைஞரைத் துரத்தியவர்களுக்கும் டிராமலில் வேலையில்லாமல் போயிற்று. இருப்பினும் சம கட்டணம் செலுத்தும் இருவரில் ஒருவர் மற்றவரின் பொழுதுபோக்குக்கு இரையாவதை ஒரு வணிக நிறுவனம் எத்தனை நாள் பொறுக்கும்? சமுதாயம் என்ற உருவகத்தின் அடியில் சந்தா என்ற உண்மை எப்போதும் இருந்தது.

ஆட்டக்காரர்களே நீதியை நிலைநாட்டுதல் இயலாது என்று இதனால் முடிவு கட்டுதலும் தவறு. கொரிய விளையாட்டான ‘லினியேஜ் 2’இன் பார்ட்ஸ் வழங்கியில் 2004ஆம் ஆண்டு, கோட்டைகளைக் கைப்பற்றிய ஒரு கூட்டணி வரியை 15 விழுக்காடாக உயர்த்தியபோது, எளிய ஆட்டக்காரர்கள் திரண்டெழுந்தனர். கவசம் வாங்க வசதியற்ற தொடக்கநிலைப் பாத்திரங்கள் ‘உள்ளாடைப் படை’ என்ற பெயருடன் மடிந்து மடிந்து மீண்டும் வந்தன. அங்கே அடக்குமுறையாளருக்கு இழக்கக் கோட்டை இருந்தது. அவர் பெயரை எல்லாரும் அறிந்திருந்தனர். பிரிட்டானியாவில் இல்லாதவை இவ்விரண்டுமே.

எண்ணாகிய நியாயம்

இசைவு மட்டும் போதுமா? போர் வழங்கியைத் தானே தெரிவு செய்த தொடக்கநிலை ஆட்டக்காரரை உச்சநிலையில் உள்ளவர் ஒரே அடியில் கொல்லும்போது அதை நியாயமென்று சொல்ல நா எழுவதில்லை. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ 2005இல் கொணர்ந்த மதிப்புப் புள்ளி முறையில், மிகத் தாழ்ந்த நிலையினரைக் கொன்றால் புள்ளி இல்லை. கொல்லத் தடையும் இல்லை. 2007இல் அதே விளையாட்டில் வந்த அரங்கப் போட்டிகள் மக்கள் நடமாடும் நிலத்தை விட்டே விலகின. சம எண்ணிக்கையினரான இரு அணிகள் மூடிய களத்தில் மோதின. எதிரணியைத் தரமதிப்பீட்டு எண் தேர்ந்தெடுத்தது. சதுரங்க வீரர்களுக்காக இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ வகுத்த கணக்குமுறையின் வழித்தோன்றல் இது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1970இல் ஏற்றது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ‘ட்ரூஸ்கில்’ அதைக் குழு ஆட்டங்களுக்கு விரித்தது. ஒருவரின் திறனோடு, அத்திறனைப் பற்றிய ஐயத்தின் அளவையும் அது ஓர் எண்ணாகக் கணித்தது.

அதே காலத்தில் சீனாவில் 2006இல் வந்த ‘ஜெங்டு’ எதிர்த்திசையில் சென்றது. நுழைவு இலவசம், வலிமை விலைக்குக் கிடைத்தது. நிகர் என்பதை ஒரு நிறுவனம் காக்க இயலுமாயின், அதை விற்கவும் இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எண்ணையும் ஏமாற்றலாம். வல்லவர் ஒருவர் புதுப்பெயரில் கணக்குத் தொடங்கித் தொடக்கநிலையினரை வேட்டையாடுவதற்கு ‘ஸ்மர்ஃபிங்’ என்று பெயர். 1996 அளவில் ‘வார்கிராஃப்ட் 2’ ஆடிய வல்லுநர் சிலர், தம்மைக் கண்டால் எதிராளிகள் விலகுவதால், ஸ்மர்ஃப் என்னும் கேலிச்சித்திரப் பாத்திரங்களின் பெயர்களில் மறைந்து ஆடியதால் இச்சொல் வந்தது. சிவப்புப் பெயரை மறைத்து நீலப்பெயரில் வந்த பிரிட்டானியக் கொலைஞருக்கும் இவருக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. அவர் எத்தனை முறை வென்றார் என்பதை நிரல் எண்ணும். எதற்காக இறங்கி வந்தார் என்பதை எண்ண இயலாது.

ஆகவே கைவிடப்பட்ட முதல் வினா வேறொரு வாயில் வழியே திரும்பியது. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ 2011இல் அமைத்த தீர்ப்பாயத்தில் புகாருக்குள்ளான ஆட்டங்களின் பதிவுகளை மற்ற ஆட்டக்காரர்கள் படித்துத் தீர்ப்பளித்தனர். அது 2014இல் மூடப்பட்டது. ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ 2013இல் தொடங்கிய மேற்பார்வை முறையில், அனுபவமிக்க ஆட்டக்காரர்கள் ஆட்டப் பதிவைப் பார்த்து ஏமாற்றியவரா என்று முடிவு கூறினர். அவர்கள் முன் வந்தவருக்குப் பெயர் இல்லை; ‘ஐயத்திற்குரியவர்’ என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. அவர்களும் அவரை எந்தச் சாலையிலும் சந்தித்ததில்லை.