நுவரெலியாவில என்ன சாப்பிடலாம்?

போன மாதம் எங்கட வட்ஸ்அப் குழுவில ஒரு பட்டியல் ஓடினது. பரீட்சை முடிஞ்சு வாற லீவுக்கு, ஐப்பசியில, பத்துப் பேர் நுவரெலியாவுக்குப் போறது எண்டு முடிவு. பட்டியலில பார்க்கிற இடங்களை விடச் சாப்பிடுற சாமான்தான் கூட. ஸ்ட்ரோபெரி, கிரகரி வாவியடியில அவிச்ச சோளம், இரவைக்குக் கொத்து, குளிருக்குள்ள சுடச்சுடத் தேத்தண்ணி. ஒருத்தி "இலையுதிர்காலத்தில மலைக்குப் போறதுதான் வடிவு" எண்டும் எழுதினாள்.

எங்களுக்கு எங்கால இலையுதிர்காலம்? யாழ்ப்பாணத்தில ஐப்பசி எண்டால் மழை. படங்களில பார்த்த சிவப்பு இலைதான் அவளுக்கு அப்பிடிக் கதைக்குது எண்டு பகிடி பண்ணினம். அப்பதான் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில இருந்து வந்து எங்களோட படிக்கிற நண்பன் ஒரு வரி போட்டான்: "ரொட்டியும் கட்டச்சம்பலும் லிஸ்ட்ல இல்லையே மச்சான்?"

எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டம். நானும் போட்டன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடேல்லை. நாங்கள் 'நல்ல சாப்பாடு' எண்டு எழுதின ஒண்டிலகூட அந்த மலையில வேலை செய்யிற ஆக்களின்ர சாப்பாடு இல்லை. ஏன் இல்லை எண்டு தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

இங்கிலாந்தைச் செய்யப் பார்த்த கதை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1819 இல் அங்கே போன ஜோன் டேவி என்ற ஆங்கிலேய இராணுவ வைத்தியர், அது மனிதர் நிரந்தரமாகக் குடியிராத, காட்டு விலங்குகளின் வெளி என்று எழுதினார். குளிரைக் கண்ட ஆங்கிலேயருக்கு ஊர் ஞாபகம் வந்தது. 1820களின் பிற்பகுதியில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கே நோயுற்ற படைவீரர்களுக்கு ஓய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். அதாவது எங்கட 'டூரிஸ்ட்' நகரம் தொடக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி.

பிறகு சாமுவேல் பேக்கர் வந்தார். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பின்னாளில் பேர் எடுத்த அதே பேக்கர்தான். காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேற்ற நுவரெலியாவுக்கு வந்தவர், 1848 இல் அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்கப் புறப்பட்டார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஆட்கள், மாடுகள், செம்மறி ஆடுகள், கலப்பை, விதைகள், ஒரு குதிரை வண்டி எல்லாம் வந்து இறங்கின. நடந்ததை அவரே 1855 இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். உயர்சாதிப் பசு மலையேறும் வழியிலேயே செத்தது. குதிரை வண்டி மலைப்பாதையில் கவிழ்ந்து நொறுங்கியது. ஆடுகள் செத்தன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது.

வாசிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் முயற்சி முழுதாகத் தோற்கவில்லை. குளிர்நாட்டு மரக்கறியும் பழமும் அந்த மண்ணில் பிடித்துக்கொண்டன. இண்டைக்கு நாங்கள் திருநெல்வேலிச் சந்தையில லீக்ஸ் வாங்கிறதும், பட்டியலில ஸ்ட்ரோபெரி எழுதினதும் அந்தக் கதையின்ர வால்தான். 1870களில் ஆளுநர் கிரகரியின் காலத்தில் வாவி கட்டப்பட்டது. சமவெளி வெக்கையிலிருந்து தப்பி ஏப்ரலில் மலையேறும் 'சீசன்' பழக்கமும் அவர்களுடையதுதான். அவர்கள் போய்விட்டார்கள், சீசன் இன்னும் இருக்கிறது.

நடந்து வந்த பாதை

இங்கிலாந்து போல ஒரு ஊர் வைத்திருக்கக் காசு வேண்டும். காசு கோப்பியிலிருந்து வந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய பெருந்தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தென்தமிழகத்தின் பஞ்சம் பட்ட ஊர்களிலிருந்து கங்காணிமார் ஆள் கூட்டி வந்தார்கள். படகில் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. கொலராவும் மலேரியாவும் பட்டினியும் பாதி வழியிலேயே பலரைக் கொண்டுபோயின.

1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி முடிந்தது. அதற்கு முன்பே, 1867 இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக்கு அறுவடைக் காலம் உண்டு. அது முடிந்தால் பலர் ஊருக்குத் திரும்பலாம். தேயிலைக்கு அப்படி இல்லை, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பெண்களின் கைகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கக் கோச்சிப் பாதை மலையேறியது. 1885 இல் அது நானுஓயாவுக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து கோச்சி முழுதாக ஓடத் தொடங்கியது 1905 இல்தான்.

எங்கட பஸ் ஏ9 வீதியால போகும். தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரை அந்த வீதி அவர்கள் நடந்த வழியோடு சேர்கிறது. 2023 இல், மலையகத் தமிழர் வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். இதைப் படிக்குமட்டும் அந்த வீதி எனக்குப் பஸ்ஸில நித்திரை கொள்ளுற இடம்.

ஒரே வருசம், இரண்டு கோப்பை

இனி ரொட்டிக்கு வருவம். கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணி. தடிப்பாகத் தட்டிச் சுட்டால் மலைச்சரிவில் அரைநாள் கொழுந்து எடுக்கத் தாங்கும். தொட்டுக்கொள்ளச் செத்தல் மிளகாய், வெங்காயம், மாசி, உப்பு, தேசிக்காய்ப்புளி சேர்த்து இடித்த கட்டச்சம்பல். உருசியான சாப்பாடுதான். ஆனால் அது விரும்பித் தெரிந்தெடுத்த சாப்பாடு மட்டும் இல்லை. கொலனிக் காலத்தில் தோட்டமே அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. பின்னர் இறக்குமதியான கோதுமை மா மலிவாக வந்து அடுப்படியைப் பிடித்தது. லயத்துக் குடும்பத்துக்கு வயல் கிடையாது. நிற்கும் மண்ணும் படுக்கும் வீடும் தோட்டத்துடையவை. எனவே என்ன சாப்பிடுவது என்பதைக் கடையும் பங்கீடும் முடிவு செய்தன.

அதன் விலையை 1973, 1974 இல் கொடுத்தார்கள். 1970 இல் வந்த அரசு, அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதிகளைச் சுருக்கியது. 1973 இல் உலகச் சந்தையில் கோதுமையும் எண்ணெயும் விலையேறின. பங்கீடு குறைந்தது, மா விலை ஏறியது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அங்கே இறப்பு வீதம் கூர்மையாக ஏறியதை அரச புள்ளிவிபரங்களே காட்டின. பலர் தோட்டங்களை விட்டிறங்கி நகர வீதிகளில் கையேந்தினார்கள்.

அதே வருடங்களை எங்கட ஊரில எப்படி ஞாபகம் வைச்சிருக்கினம்? "சிறிமாவின்ர காலத்தில மிளகாய் வித்துக் கல்வீடு கட்டினது" எண்டு எங்கட அப்பப்பா சொல்லுவார். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வராமல் நின்றதால், குடாநாட்டின் செம்மண் தோட்டங்களுக்கு நல்ல விலை கிடைத்தது. அது எங்கட சனத்தின் உழைப்புத்தான், அதில் சந்தேகமில்லை. கிணற்றில இறைச்சு இறைச்சு விளைவிச்ச காசு. ஆனால் ஒரே நாட்டில், ஒரே வருடத்தில், ஒரே மொழி பேசும் இரண்டு சனத்தின் கோப்பைகள் இப்படி இருந்தன. எங்களுக்குக் காணி இருந்தது, அவர்களுக்கு இல்லை. வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான். மலையில அண்டைக்கு இடிச்ச சம்பலுக்குள்ள எங்கட செம்மண்ணில விளைஞ்ச மிளகாயும் இருந்திருக்கும். வாங்க வழியிருந்த வீடுகளில.

வாக்கு இல்லாதவர்கள்

காணி மட்டுமா இல்லை? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்திலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கி வாக்கையும் பறித்தன. 1952 தேர்தலில் அந்த 7 இடங்களும் இல்லை. பட்டினி வந்தபோது அவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமை இல்லை. வாக்கில்லாதவரின் வயிற்றுக்கு எந்த அமைச்சர் பயப்படுவார்?

இதில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1948 சட்டத்தை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பின் அடுத்த பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். அதை ஏற்காத செல்வநாயகம் போன்றோர் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். எங்கட அரசியலின் முக்கியமான ஒரு பிளவு மலையக மக்களின் பேரால் நடந்தது. ஆனால் அதே மக்களின் பிள்ளைகளை எங்கட வீடுகளில் வேலைக்கு வைத்திருந்தம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லும் எங்கட வாயிலிருந்துதான் வந்தது. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில முதலாவது மட்டும் இருந்தது. இரண்டாவதை நான் வீட்டுக் கதைகளில இருந்துதான் அறிஞ்சன்.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் கணக்கில். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலை, அதே கொழுந்து. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் சுற்றுலா போகிறவர்கள் அங்கே குடிக்கும் தேநீரிலும் ஹற்றன் கை இருக்கலாம். இங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

ஐப்பசி மழை

இவ்வளவும் வாசிச்சிட்டு, போகாமல் விடுறதா எண்டும் யோசிச்சம். அது சரியான முடிவாய்ப் படேல்லை. நாங்கள் போகாட்டி அங்க ஒருத்தருக்கும் சம்பளம் கூடப் போறதில்லை. 2024 இல் நீண்ட இழுபறிக்குப் பிறகு தீர்மானித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. எங்கட பட்டியலை ஒரு நாளுக்குக் கணக்குப் பார்த்தால், ஆளுக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் அதை விடக் கூட வந்தது. அந்தக் கணக்கைக் குழுவில போட்டன். இந்த முறை ஒருத்தரும் சிரிக்கேல்லை.

நண்பனிட்ட, "உங்கட வீட்டில ஒரு நாள் நிக்கலாமோ?" எண்டு கேட்டம். அவன் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைச்சான்.

"தாராளமா வாங்க புள்ளைங்களா. ஆனா ஐப்பசியில வேணாம். மழை புடிச்சா மண்ணு எப்ப சரியும்னு சொல்ல ஏலாது. நாங்களே ராவைக்குத் தூங்க மாட்டோம். தை பொறக்கட்டும், வாங்க."

எங்களுக்கு உடனே விளங்கேல்லை. நண்பன்தான் மீரியபெத்தையை ஞாபகப்படுத்தினான். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தைப் பக்கம், காலைநேரம். மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை இருந்தது. மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். நாங்கள் குளிருக்கும் மூடுபனிக்கும் ஆசைப்பட்டுத் தெரிந்தெடுத்த மாதம், அந்த அம்மாவுக்கு நித்திரை இல்லாத மாதம்.

பயணம் தைக்குத் தள்ளிப்போச்சுது. பட்டியலும் மாறினது. ஸ்ட்ரோபெரி இன்னும் இருக்கு, சோளமும் இருக்கு. முதல் வரியில ரொட்டியும் கட்டச்சம்பலும். மாத்தளையில முத்துமாரியம்மன் கோயிலடியில இறங்கி ஒரு மணித்தியாலம் நிக்கிறது எண்டும் எழுதியிருக்கிறம்.

வெறுங்கையோட போகேலாது எண்டு என்ர அம்மா ஒரு கிலோ செத்தல் மிளகாய் எடுத்து வைச்சிருக்கிறா. எங்கட வளவில விளைஞ்சது.