செல்லுலேஸ் செயல்திறன் அளவீடு

தாவர நாரான செல்லுலோஸை அறுத்துச் சர்க்கரையாக்கும் நொதிகளின் வேகத்தைக் கணக்கிடும் ஆய்வக முறைகள். பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். ஆகவே 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் கோவில்பட்டிக்கும், கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கரிசல் காட்டுக்கும் இது அந்நியமான பொருள் அன்று. வெள்ளாமை முடிந்தபின் மிஞ்சும் பருத்திமாரும் சோளத்தட்டையும் இந்த நொதிகளுக்கு இரையாகக்கூடியவையே.

மாவுச்சத்தை அறுக்கும் நொதிக்கு அளவீடு முன்பே வந்துவிட்டது. 1833இல் பாயனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து டயஸ்டேஸைப் பிரித்தார்கள். 1908இல் வோல்கெமுத், அயோடினின் நீலம் மறைவதைக்கொண்டு அமைலேஸை அளந்தார். பாவுக்குப் போட்ட கஞ்சி போய்விட்டதா என்று துணி ஆலைகளில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்க்கிறார்களே, அதற்கும் இதுவே அடிப்படை. செல்லுலோஸுக்கு இந்த வழி உதவாது. அது நீரில் கரையாத திடப்பொருள். அயோடினோடு மாவுச்சத்துபோல் நிறம் காட்டுவதும் இல்லை.

வழி போரினால் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மட்கின. அவற்றில் கிடைத்த டிரைக்கோடெர்மா பூஞ்சையை நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் ஆராய்ந்தார்கள். அதன் நொதி விடுவிக்கும் சர்க்கரையை அளக்க ஒரு வழி வேண்டியிருந்தது. நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை பார்க்க 1921இல் சம்னர் கொண்டுவந்த டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தை, அதே நேட்டிக்கில் 1959இல் மில்லர் செம்மைப்படுத்தினார். சர்க்கரை கூடக்கூட மஞ்சள் கரைசல் செம்பழுப்பாகும். அதன் அடர்த்தியே கணக்கு.

ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறிய குழப்பத்தைக் குறைத்ததில் இந்தியாவின் பங்கு பெரிது. டெல்லி ஐ.ஐ.டி.யின் தருண் குமார் கோஷ் தொகுத்த முறையைப் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1987இல் வெளியிட்டது. 50 மில்லிகிராம் எடையுள்ள, 1×6 செ.மீ. வாட்மேன் 1 வடிதாள் துண்டு, அமில-காரக் குறியெண் (pH) 4.8 உள்ள சிட்ரேட் தாங்கல் கரைசல், 50 பாகை செல்சியஸ் வெப்பம், 60 நிமிடம். இதில் சரியாக 2 மில்லிகிராம் குளுக்கோஸ் விடுவிக்க எந்தச் செறிவுக்கு நீர்த்த நொதி வேண்டும் என்று பார்க்க வேண்டும். 0.37ஐ அந்தச் செறிவால் வகுத்தால் வடிதாள் அலகு கிடைக்கும்.

குறிப்பிட்ட அளவுச் சர்க்கரை என்ற நிபந்தனையில்தான் இம்முறையின் நுட்பம் இருக்கிறது. நொதியை இரட்டிப்பாக்கினால் சர்க்கரை இரட்டிப்பாகாது: எளிதில் அறுபடும் பகுதி முதலில் தீர்ந்து, இறுகிய படிகப்பகுதி மிஞ்சும். மேலும் செல்லுலேஸ் ஒரே நொதி அன்று. சங்கிலியின் நடுவில் வெட்டுவது, நுனியிலிருந்து கழற்றுவது, இரட்டைச் சர்க்கரையைப் பிளப்பது என மூன்று வகை சேர்ந்த கூட்டம் அது.

இன்னொரு எளிய முறை 1982இல் டீதரும் வுட்டும் விவரித்தது. செல்லுலோஸ் வழிப்பொருள் கலந்த அகார் தட்டில் மண் நுண்ணுயிரை வளர்த்துக் காங்கோ சிவப்புச் சாயம் ஊற்றினால், நொதி தின்ற இடம் வெளிறிய வளையமாகத் தெரியும். கரிசல் மண்ணில் செல்லுலோஸை மட்கச்செய்யும் கிருமிகளைத் தேடும் கல்லூரி ஆய்வகத்துக்கும் இது கட்டுப்படியாகும். ஆனால் வளையத்தின் அகலத்தை நொதியின் அளவாகக் கொள்வது தவறு; நுண்ணுயிர் வளரும் வேகமும் அதில் கலந்திருக்கிறது.

டைநைட்ரோசாலிசிலிக் முறை பெரும்பாலும், சர்க்கரையை அளக்கும் மற்றொரு முறையான நெல்சன்–சோமோகி முறையைவிடக் கூடுதலான எண்ணைத் தரும். எனவே அலகை மட்டும் எழுதினால் போதாது. எந்த முறை, எந்தச் செல்லுலோஸ், எத்தனை நிமிடம் என்பதையும் ஆய்வேட்டில் சேர்த்தே எழுத வேண்டும்.