ரோசமண்டைக் கொன்றது யார்?

இன்னைக்கு ஒரு கொலைக் கேஸ். முதல்ல கதையைக் கேளுங்க, தேதிகளை அப்புறம் பார்ப்போம்.

இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றிக்கு ரோசமண்ட் கிளிஃபோர்ட் என்று ஒரு காதலி. ராணி எலினோர் கண்ணில் படக்கூடாது என்று, ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் வுட்ஸ்டாக்கில் ஒரு மாளிகை கட்டி அங்கே அவளை வைக்கிறார். உள்ளே போனால் திரும்பி வர வழி தெரியாது, அப்படி ஒரு சுழல்பாதை. ராணி ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போய் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் விஷக் கிண்ணம். எது வேணும்னு நீயே சொல்லு என்கிறார். ரோசமண்ட் விஷத்தைக் குடிக்கிறாள்.

செம கதை இல்ல? இப்போ டைம்லைனுக்கு வருவோம்.

1173ல் ஹென்றியின் மகன்கள் அப்பாவுக்கு எதிராகக் கலகம் செய்கிறார்கள். அம்மா எலினோர் பிள்ளைகள் பக்கம். அவரைப் பிடித்துக் காவலில் வைக்கிறார் ஹென்றி. 1189ல் ராஜா சாகிற வரைக்கும் அந்தக் காவல் முடியவில்லை. ரோசமண்ட் இறந்தது 1176 வாக்கில். கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு ராணி எங்கிருந்து வந்தார்?

இன்னொன்று. அதே காலத்தில் வாழ்ந்த ஜெரால்ட் என்ற எழுத்தாளர், ராணி உள்ளே போன பிறகு ராஜா இந்த உறவை ஊரறிய வைத்துக்கொண்டார் என்று திட்டித் தீர்க்கிறார். ஊருக்கே தெரிந்தவளை ஒளித்துவைக்க மாளிகை எதுக்குங்க? வுட்ஸ்டாக்கில் ஹென்றிக்கு ஒரு ஊற்றும் குளங்களும் இருந்த இடம் இருந்தது, அது உண்மை. 14ஆம் நூற்றாண்டில் ரானுல்ஃப் ஹிக்டன் என்ற துறவி எழுதும்போது அது கிரேக்கக் கதையில் வருகிற மாதிரி சுழல்பாதை ஆகிவிடுகிறது. கத்தியும் விஷமும் அதற்கும் பின்னாடி, பாட்டுகளில் ஒட்டிக்கொண்டவை. ஒவ்வொரு வெர்ஷனிலும் ராணி இன்னும் கொஞ்சம் கொடூரமாகிறார், ராஜா மட்டும் பாவம் காதலனாகவே இருக்கிறார். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். மனைவியைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் அடைத்துவைத்த ஆள் அவர்.

ரோசமண்டுக்குப் பிள்ளைகளையும் கட்டிவிட்டார்கள். ஹென்றியின் மகன் வில்லியம் லாங்ஸ்வர்ட் அவள் பெற்றது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். அவரே ஒரு சாசனத்தில் தன் தாய் ஐடா என்று சொல்லியிருக்கிறார்.

உண்மையில் நடந்த ஒரு சம்பவம்தான் எனக்கு எந்தக் கதையை விடவும் உறைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே காட்ஸ்டோ கன்னியர் மடத்தில் அவளைப் புதைத்தார்கள். ராஜா மடத்துக்கு வாரி வழங்கினார். அப்பா வால்டரும் மனைவி, மகள் ஆத்மாவுக்காக ஒரு மாவு ஆலையை எழுதிக் கொடுத்தார். கல்லறை கோயில் பீடத்துக்கு முன்னாலேயே இருந்தது. பட்டுத்துணி, மெழுகுவத்தி எல்லாம் வைத்து கன்னியர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஹென்றி செத்து இரண்டு வருஷம் கழித்து, 1191ல், லிங்கன் பிஷப் ஹியூ அங்கே வருகிறார். யார் கல்லறை என்று கேட்கிறார். பதில் கிடைத்ததும், இவளைத் தோண்டி எடுத்துக் கோயிலுக்கு வெளியே புதைங்க, மற்ற பெண்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று உத்தரவு. ராஜாவோ ஃபிரான்ஸில் ஃபோன்டெவ்ரோ மடத்துக் கோயிலில் நிம்மதியாகப் படுத்திருந்தார். அவரை யாரும் தோண்டவில்லை.

அந்த மடம் 1539ல் மூடப்பட்டது. தேம்ஸ் கரையில் இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. வுட்ஸ்டாக் பக்கம் போனால் பிளெனம் அரண்மனை, சர்ச்சில் பிறந்த இடம். அந்தத் தோட்டத்துக்குள் இருக்கிற ஒரு ஊற்றை இப்பவும் ரோசமண்ட் கிணறு என்றுதான் சொல்கிறார்கள்.